பன்னிரண்டாவது ரேடியேட்டர்

தெயோலிந்தா ஃபுர்தாடோ முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் தையலில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள். ஃபால் ரிவர் ஊரில் திரைச்சீலை தைக்கும் ஆலையின் மூன்றாம் மாடியில், ஜன்னலோரம் போட்ட நீள மேசைதான் அவள் இடம். தைத்து முடித்த சீலைகள் அவள் கைக்கு வரும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓரத்தை விரலால் உருவிக்கொண்டே போவாள். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் விரல் நின்றுவிடும். சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தூக்கி எறிவாள். தையல்காரப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் அவளைச் 'சுங்கக்காரி' என்றார்கள். அது காதில் விழுந்தபோது அவள் கோபப்படவில்லை. எதிரே வருகிறவனை நம்பிவிட்டால் அப்புறம் சுங்கச்சாவடி எதற்கு என்றுதான் நினைத்தாள்.

ஆலை அவளுக்கு ஓய்வு கொடுத்தது. அவள் விரலுக்குக் கொடுக்கவில்லை. கசாப்புக் கடையில் அவள் தராசு முள்ளைப் பார்க்க மாட்டாள், கடைக்காரரின் கட்டைவிரல் எங்கே இருக்கிறதென்று பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் ஐந்து நிமிஷம் முன்னதாக முடிந்தால், பாதிரியாருக்கு வெளியே என்ன அவசரம் என்று யோசிப்பாள். அவள் கணவர் அபீலியோ உயிரோடு இருந்தவரை, "இவ சந்தேகப்படாத ஆளுங்க எல்லாம் கல்லறையிலதான் இருக்காங்க" என்று சிரிப்பார். அவர் போய் ஆறு வருஷமாகிவிட்டது.

அவர் விட்டுப்போனது மரத்தால் கட்டிய பழைய இரண்டு மாடி வீடு. கீழ்வீட்டில் தெயோலிந்தா. மேல்வீட்டில் குடியிருந்தவர் செஃபெரீனு கோலார்ட். எழுபது வயதைத் தாண்டிய தனிக்கட்டை. மீன்பிடிக் கப்பலில் வேலை பார்த்து ஓய்ந்தவர். வாடகையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. இருவரும் போர்த்துகீசுத் தீவுக்காரர்கள்தான். ஆனால் அவர் பிறந்தது ஃபயால் தீவு, அவள் பிறந்தது சாவ் மிகெல் தீவு. அந்த ஒன்றே அவரைக் கண்காணிக்க அவளுக்குப் போதுமான காரணமாக இருந்தது.

இரண்டு வீட்டுக்கும் நிலவறையில் ஒரே பாய்லர். எண்ணெயில் எரிவது. அதில் கொதிக்கும் தண்ணீர் ஆவியாகிக் குழாய் வழியே மேலேறி, அறைக்கு அறை நிற்கும் இரும்பு ரேடியேட்டர்களைச் சுட வைக்கும். பிறகு குளிர்ந்து தண்ணீராகி, வந்த குழாயிலேயே இறங்கித் திரும்பிவிடும். பாய்லரின் பக்கத்தில் செங்குத்தாக ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று அதில் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும். அப்படித்தான் இருபத்தைந்து வருஷம் ஓடியது.

1993 அக்டோபரில் தண்ணீர் காணாமல் போகத் தொடங்கியது.

முதலில் மூன்று நாளைக்கு ஒரு தடவை விட வேண்டியிருந்தது. பிறகு தினமும். நவம்பர் பிறந்ததும் காலையும் மாலையும். தெயோலிந்தா கண்ணாடிக் குழாயில் சாக்கட்டியால் கோடு போட்டாள். மாலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு நான்கு விரற்கடை கீழே கிடந்தது. தரையில் மண்டியிட்டுக் கையால் துழாவினாள். ஒரு சொட்டு ஈரமில்லை. குழாய்கள் ஒவ்வொன்றையும் பழைய துணியால் துடைத்துத் துணியைப் பிழிந்து பார்த்தாள். துணியும் காய்ந்தே இருந்தது. ஒழுகாத தண்ணீர் குறைந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எடுக்கிறார்கள்.

நிலவறைக்குப் பூட்டுப் போட்டாள். அப்போதும் குறைந்தது. அப்படியானால் மேலிருந்து எடுக்கிறார்கள். படியேறிப் போய்ச் செஃபெரீனு வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ரேடியேட்டர்லேர்ந்து தண்ணி ஏதாவது புடிக்கிறீங்களா?"

செஃபெரீனு வாயில் போட்ட ரொட்டியை மெல்ல மறந்து அவளைப் பார்த்தார். "ரேடியேட்டர்லேர்ந்தா? எதுக்கு, தோனா தெயோலிந்தா?" என்றார், வீட்டுக்காரம்மாளை அழைக்கும் ஊர் மரியாதையோடு.

"குளிக்க, துவைக்க. எனக்கெப்படித் தெரியும்? உங்க தீவுல என்னென்ன பழக்கமோ."

"எங்க தீவுல தண்ணிக்குக் குழாயைத் திறப்போம்" என்றார் அவர், முகத்தில் சிரிப்பு வராமல்.

அந்த மாதத்தில் அவள் மூன்று தடவை மேலே போனாள். மூன்றாம் தடவை அவர் வீட்டுக்குள்ளேயே கனத்த கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டு உட்கார்ந்திருந்தார். கோட்டுக்குள் எதையோ மறைக்கிறார் என்று அவளுக்குப் பட்டது. என்ன என்றுதான் பிடிபடவில்லை.

எண்ணெய் கொண்டுவந்த லாரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "பாய்லர் செத்துப்போச்சும்மா, மாத்திடுங்க" என்றார். பாய்லர் விற்கிறவன் யாராவது இவருக்கு ஏதாவது தருவான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மகள் நதாலியாதான் விடவில்லை. பாஸ்டன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரம்மா அவள். வார்த்தையை அளந்து பேசுவாள்.

"அம்மா, தண்ணி இல்லாம பாய்லர் எரிஞ்சா வெடிக்கும். இந்த வாரம் நானே ஆளை அனுப்பறேன்."

"யாரு ஆளு?"

"பெரிய கம்பெனி. தொலைக்காட்சியில விளம்பரம் வருது."

"நல்லவனுக்கு விளம்பரம் எதுக்குடி?"

வந்தவன் கழுத்தில் டை கட்டியிருந்தான். நல்ல வாசனை அடித்தது. அவளைப் பெயர் சொல்லியே அழைத்தான், அதுவும் சரியாக. அதை வழியில் மனப்பாடம் செய்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. நிலவறைக்குப் போனவன் பழைய பாய்லரின் தகட்டில் எழுதியிருந்ததைப் படித்துக் குறித்துக்கொண்டான். மேலே வந்து, "இதே அளவுல புதுசு போட்டுடலாம். ஒரே நாள் வேலை" என்றான். தெயோலிந்தா அடுப்புக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் கீழே இருந்தது நான்கு நிமிஷம். ஆலையில் ஒரு சீலையைப் பார்க்கவே அவளுக்கு ஆறு நிமிஷம் ஆகும்.

"தண்ணி எங்க போகுது?" என்று கேட்டாள்.

"பழைய பாய்லர்னா அப்படித்தான்."

"அது தெரியும். எங்க போகுது?"

அவன் சிரித்தான். அவன் வைத்துவிட்டுப் போன வழவழப்பான காகிதத்தை அவள் இழுப்பறையில், முள்கரண்டிகளுக்கு அடியில் போட்டாள்.

இரண்டாமவரை அவளே பிடித்தாள். தெருமுனை ரொட்டிக் கடைக்காரி கொடுத்த பெயர்: லூசியன் பெரூபே. பிரெஞ்சு வம்சம், அறுபதை நெருங்கும் வயது, முழங்காலில் ஒட்டுப்போட்ட கால்சட்டை. வாசனை ஏதும் இல்லை. ரொட்டிக் கடைக்காரியின் அக்காள் மகள் ஒரு பிரெஞ்சுக்காரனைக் கட்டியிருந்தாள் என்பதால் இந்தச் சிபாரிசையும் தெயோலிந்தா பாதிதான் நம்பினாள்.

லூசியன் பாய்லர் பக்கமே போகவில்லை. வாசலில் நின்று, "எல்லா அறையையும் பாக்கணும்" என்றார்.

"பாய்லர் கீழ இருக்கு."

"தெரியும். ரேடியேட்டரு மேல இருக்கு."

சமையலறை, கூடம், படுக்கையறை என்று ஒவ்வொன்றாக நுழைந்தார். மண்டியிட்டு ரேடியேட்டரின் உயரத்தை அளந்தார். எத்தனை இரும்புத் துண்டுகள் சேர்ந்திருக்கின்றன என்று விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். சின்ன நோட்டில் எழுதினார். அவள் படுக்கையறையில் அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். தெயோலிந்தா இரண்டடி பின்னாலேயே நடந்தாள். நகைப்பெட்டி இருந்த இழுப்பறை மேல் இடுப்பைச் சாய்த்து நின்றாள். பாய்லர் மாற்ற வந்தவன் கட்டிலுக்கடியில் எதற்குக் குனிய வேண்டும்? வீட்டை நோட்டம் விட்டு வைத்துக்கொண்டு பிறகு வரலாம் என்றா?

"எதுக்கு இத்தனை எழுத்து?" என்று கேட்டேவிட்டாள்.

"பாய்லர் எவ்வளவு பெரிசா இருக்கணும்னு ரேடியேட்டருதான் சொல்லணும். பழைய பாய்லரைக் கேட்டா அது பொய் சொல்லும்."

"பாய்லர் பொய் சொல்லுமா?"

"இதை வச்ச காலத்துல கூரைக்கடியில இருக்கிற அறையிலயும் ரேடியேட்டர் இருந்திருக்கும். தரையில குழாய் வெட்டின தடம் இருக்கே. எடுத்தது யாரு?"

அபீலியோதான். மூன்று ரேடியேட்டர்களை எடுத்துப் பழைய இரும்புக்குப் போட்டார். அதை இவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கடைசியாக நிலவறைக்கு இறங்கினார்கள். "தண்ணி எங்க போகுது?" என்று இவரையும் கேட்டாள். லூசியன் அவளைத் தெருவுக்கு அழைத்துப் போய்ப் புகைபோக்கியைக் காட்டினார். வெள்ளை வெளேரென்று பஞ்சு போலப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் புகை மெல்லிசாக, வந்ததும் கரைந்தது.

"அது புகையில்ல, மிஸஸ் ஃபுர்தாடோ. உங்க தண்ணி."

"என் காதுல பூ சுத்தாதீங்க."

அவர் கோபிக்கவில்லை. பாய்லரை அணைத்து ஆறவிட்டார். பிறகு தண்ணீர்க் குழாயைத் திறந்து, கண்ணாடிக் குழாயையும் தாண்டி, பாய்லரின் கழுத்துவரை நிரப்பினார். நெருப்பு எரியும் அறையின் சின்னக் கதவைத் திறந்து டார்ச்சை அவள் கையில் கொடுத்தார். "நீங்களே பாருங்க. என்னை நம்ப வேணாம்."

அவள் குனிந்து பார்த்தாள். மேலே எங்கிருந்தோ ஒரு சொட்டு. இன்னொன்று. பிறகு நூல் பிடித்தாற்போல் ஒரு ஒழுக்கு. தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு மேலே இரும்பு அரித்துப்போயிருந்தது. எரியும்போது ஆவி அந்த ஓட்டை வழியே நெருப்புக்குள் போய்ப் புகைபோக்கியில் ஏறிவிடும். தரைக்கு எப்படி ஈரம் வரும்?

'என்னை நம்ப வேணாம்' என்று ஒரு ஆண்பிள்ளை தன்னிடம் சொல்லி அவள் கேட்டதில்லை. அதனாலேயே இதில் ஏதோ சூழ்ச்சி இருக்க வேண்டும் என்றும் தோன்றியது.

மறுநாள் அவர் விவரமெழுதிய தாள் வந்தது. அறை அறையாக ரேடியேட்டர் பட்டியல். தெயோலிந்தா விரல் சுடக் கூடாதென்று பாய்லரை அணைத்து ஆறவிட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, தாளும் பென்சிலுமாக வீட்டைச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு ரேடியேட்டரின் துண்டுகளையும் அதே மாதிரி விரலால் தொட்டு எண்ணினாள். மேல்வீட்டில் ஐந்து, சரி. கீழே ஆறு என்று எழுதியிருந்தார்.

கீழே ஏழு. மொத்தம் பன்னிரண்டு.

அவள் முகத்தில் பல வருஷங்களுக்குப் பிறகு பழைய ஆலைக்களை வந்தது. தாளில் பெருக்கல் குறி போட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

"மிஸ்டர் பெரூபே, நீங்க திருடரா, இல்ல கண்ணு தெரியாதவரா? ரெண்டுல எதுன்னு சொல்லிட்டா மேற்கொண்டு பேசலாம்."

"எதை விட்டேன்?"

"நீங்கதானே எண்ணினீங்க!"

அரைமணி நேரத்தில் லூசியன் வாசலில் நின்றார். சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து வந்திருக்க வேண்டும், மேல்சட்டையில் கடுகு விழுதுக் கறை. தெயோலிந்தா அவரைத் தையல் அறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஜன்னலுக்குக் கீழே மரப்பெட்டி ஒன்று. அபீலியோ செய்தது. அதன்மேல் பூவேலை செய்த வெள்ளைத் துணி, துணிமேல் மாதா சொரூபம், இரண்டு மெழுகுவத்தி. துணியைத் தூக்கினாள். பெட்டிக்குள் கன்னங்கரேலென்று ஒரு ரேடியேட்டர் உட்கார்ந்திருந்தது.

லூசியன் தொப்பியைக் கழற்றினார். மாதாவுக்கா ரேடியேட்டருக்கா என்று தெரியவில்லை.

"நான் பீடம்னு நெனச்சிட்டேன். மாதா நிக்கிற துணியைத் தூக்கிப் பாக்க மனசு வரல."

"மாதாவுக்குக் குளிராதா?"

அவர் சிரிக்கவில்லை. மண்டியிட்டு எண்ணினார். பத்துத் துண்டுகள். நோட்டில் எழுதி, கூட்டிப் பார்த்து, தலையை ஆட்டினார். "பதினொண்ணை நம்பி வச்சிருந்தா மாடியில கடைசி அறை ஜனவரியில குளிர்ந்தே கெடந்திருக்கும். அடுத்த பெரிய அளவு வேணும். என் தப்பு. விலையை ஏத்த மாட்டேன்." பிறகு எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, "முப்பத்தாறு வருஷத்துல என் கணக்கை யாரும் சரி பாத்ததில்ல" என்றார்.

"அது அவங்க முட்டாள்தனம்" என்றாள் தெயோலிந்தா. அன்றே வேலையை அவருக்குக் கொடுத்தாள். நல்லவர் என்பதற்காக அல்ல. இவருடைய தப்பு எந்த வகை என்று தெரிந்துவிட்டது; தெரிந்த தப்பைக் காவல் காக்கலாம்.

வேலை மூன்று நாள் நடந்தது. மூன்று நாளும் அவள் நிலவறையில் நாற்காலி போட்டு, கோட்டு மாட்டி, மடியில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். லூசியனும் அவர் மைத்துனரும் பழைய பாய்லரைச் சம்மட்டியால் உடைத்துத் துண்டு துண்டாக மேலே ஏற்றினார்கள். ஒரு துண்டை லூசியன் அவள் காலடியில் வைத்தார். அதில் அவள் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. நுழைத்தும் பார்த்தாள்.

"செம்புக் குழாய்தான் இப்ப எல்லாரும் போடறாங்களாமே?" என்று இரண்டாம் நாள் கேட்டாள். நதாலியா சொல்லியிருந்தாள்.

"போடறாங்க. வேலை சுலபம். நீராவிச் சூட்டுல நீண்டு சுருங்கிப் பத்து வருஷத்துல இணைப்பு விட்டுடும். நான் இரும்புதான் போடுவேன்."

"உங்களுக்கு இரும்பு மலிவா கிடைக்குதோ?"

மைத்துனர் திரும்பிப் பார்த்தார். லூசியன் குழாய் முனையில் மரை வெட்டுவதை நிறுத்தாமலே, "இல்ல மிஸஸ் ஃபுர்தாடோ, எனக்கு முதுகு வலிதான் மலிவா கிடைக்குது" என்றார்.

மூன்றாம் நாள் மாலை புது பாய்லர் மூச்சு விட்டது. வீடு முழுக்க மெல்லச் சூடு பரவியது. கிளம்பும்போது லூசியன், "புது இரும்புல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். ஒரு வாரம் தண்ணி கொதிச்சுத் துள்ளும். வந்து எடுத்துடறேன்" என்றார். பணம் வாங்கிப் போனவன் ஒரு வாரத்தில் தானே வருவானாம். தெயோலிந்தா தலையை மட்டும் ஆட்டினாள்.

இரண்டாம் நாளே வீடு அலறியது. சுவருக்குள் யாரோ சுத்தியலோடு நுழைந்து அடிப்பதுபோல் டங், டங், டங். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மேலும் கீழும் குதித்தது. ஏமாந்துவிட்டோம். இத்தனை வயதில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஏமாந்துவிட்டோம். தொலைபேசியில் அவள் சொன்ன வார்த்தைகளை எழுத முடியாது. போர்த்துகீசில் சொன்னதால் லூசியனுக்குப் பாதி புரியாமல் போனது நல்லதாயிற்று.

சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே அவர் வந்தார். பாய்லரின் பக்கவாட்டில் ஒரு துளையைத் திறந்து, தண்ணீரைப் பென்சில் கனத்துக்கு வாளியில் ஓடவிட்டார். அது மணிக்கணக்கில் ஓடியது. வாளித் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய் ஆடை படிந்தது. அவள் விரலால் தொட்டு முகர்ந்தாள். எண்ணெய்தான். மத்தியானத்துக்கு மேல் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் அடங்கி நின்றது.

ஆனால் டங், டங் சத்தம் ஓயவில்லை. லூசியன் குழாயில் காதை வைத்து, குழாய் போன வழியே போனார். அது மேல்வீட்டுக்குப் போயிற்று.

"நான் அப்பவே சொன்னேன். அந்த ஃபயால்காரன் ஏதோ பண்றான்" என்று தெயோலிந்தா படியேறினாள்.

செஃபெரீனு கதவைத் திறந்தார். அதே கோட்டு, அதே தொப்பி. லூசியன் நேரே அவர் படுக்கையறை ரேடியேட்டரிடம் போய், கீழே இருந்த வால்வைத் தொட்டுப் பார்த்தார். "இதைப் பாதி மூடியிருக்கு. நீராவி உள்ள வருது, தண்ணி வெளிய போக வழியில்ல. ரெண்டும் முட்டிக்குது. முழுசாத் திறக்கணும், இல்ல முழுசா மூடணும். யாரு பாதியில வச்சது?"

"நான்தான்" என்றார் செஃபெரீனு. கப்பலில் தலைவரிடம் மாட்டிக்கொண்டவர் போல நின்றார். "நவம்பர்லேர்ந்து முழுசாத்தான் மூடி வச்சிருந்தேன். எல்லா அறையிலயும். புது பாய்லர் வந்திடுச்சே, இனிமே கொஞ்சம் திறந்தா தோனா கோவிக்க மாட்டாங்கன்னு இது ஒண்ணை மட்டும் பாதி திறந்தேன்."

"எதுக்கு மூடினீங்க?" என்றாள் தெயோலிந்தா.

"நீங்க வந்து வந்து தண்ணியக் கேட்டீங்க. நான் நிறையச் சூடு எடுக்கறேன்னு நெனக்கிறீங்க, வெளிய போகச் சொல்லப் போறீங்கன்னு பட்டுது. இந்த வயசுல எனக்கு வேற வீடு யாரு குடுப்பா?"

லூசியன் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். தெயோலிந்தா அறையைப் பார்த்தாள். கட்டிலில் நான்கு கம்பளிகள். ஜன்னல் இடுக்கில் செருகிய செய்தித்தாள்கள். தலையணைக்குப் பக்கத்தில் கையுறை. டிசம்பர் பாதி போய்விட்டது. வெளியே குட்டை உறைந்து கிடந்தது. ஐந்து வாரமாக இந்த மனிதர் அவள் தலைக்கு நேர் மேலே குளிரில் படுத்திருந்தார். அவளோ கீழே அவரது காலடிச் சத்தத்தைக் கேட்டு, இப்போது எந்தப் பாத்திரத்தை நிரப்புகிறாரோ என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தச் சொல் அவளுக்குப் பழக்கமில்லை. வலிக்கும் முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து வால்வை முழுசாகத் திருகித் திறந்தாள். அடுத்த அறைக்குப் போய் அங்கேயும் திறந்தாள். ஐந்தையும் தானே திறந்துவிட்டு வந்து, "கோட்டைக் கழட்டுங்க. பாக்கவே சகிக்கல" என்றாள்.

அன்று மாலை பெரிய பாத்திரத்தில் கீரையும் சொரீசுத் தொத்திறைச்சியும் போட்ட சூப்போடு படியேறினாள். செஃபெரீனு சட்டையோடு வந்து கதவைத் திறந்தார். அவருக்கு இத்தனை மெலிந்த தோள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"இதுல என்ன போட்டிருக்கீங்க?" என்று பாத்திரத்தை மோந்தார்.

"ஏன், சந்தேகமா?"

"சாவ் மிகெல் சூப்பாச்சே" என்றார் அவர், நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "நீங்க முதல்ல சாப்பிடுங்க, பாத்துட்டு நான் சாப்பிடறேன்."

தெயோலிந்தா சத்தமாகச் சிரித்தாள். அவர் வீட்டில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அதற்காக அவள் குணம் மாறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கசாப்புக் கடையில் இன்றும் கட்டைவிரலைத்தான் பார்க்கிறாள். பிப்ரவரியில் பங்குக்கோயில் பாடகர் குழுவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் வீட்டிலும் பாய்லர் போய்விட்டது. "அந்தப் பிரெஞ்சுக்காரர் நம்பர் வேணும் தோனா. நம்பலாமா அவரை?"

தெயோலிந்தா நம்பரை மெதுவாக, ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாள். திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"நம்பறதெல்லாம் வேணாம்" என்றாள். "அவர் வரும்போது கூடவே நில்லு. நின்னா கோவிக்காத ஆளு."